செமி வந்தால் நம் டிஃபன்ஸுக்கு என்ன ஆகிறது? யாரைத் திட்டுவது?

காசிமேடு கேலரி:

ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ஃபுட்பால்) செமியில் நம் பசங்க 3-2 என்று தோற்றது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது 2-1 என்று நாம்தான் முன்னால் இருந்தோம். அப்புறம் இரண்டு கார்னர், இரண்டும் கோல். இரண்டு முறையும் நம் ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிற டிஃபண்டர்) பையன், மாடியில் விட்ட காற்றாடியைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். எதிர் டீமில் ஒரு ஒல்லிப் பையன் பின்னாலிருந்து ஓடி வந்து ஹெட் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

முடிந்ததும் டீக்கடையில் நிற்கிறோம். ஒருவர் சொன்னார்: "சென்னையின் எஃப்சி பார்த்து வளர்ந்த பசங்க, வேறு எப்படி ஆடுவாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

நம் ஊர் கிளப் சென்னையின் எஃப்சி, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலுக்குப் போனது மூன்று முறை. 2015, 2018, 2020. செமி இரண்டு லெக் (நம் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று), ஃபைனல் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். மூன்று முறையும் அடித்த கோல் சரியாக 7. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாங்கிய கோல்தான் மாறுகிறது: 2015இல் 4, 2018இல் 3, 2020இல் 8. முதல் இரண்டு முறை கப், மூன்றாவது முறை வெறுங்கை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஸ்டாப்பரும் கீப்பரும் சரியில்லை என்றால் முன்னால் யார் இருந்து என்ன பயன். வேறு யாராவது மாற்றிச் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள், பார்ப்போம்.

கொருக்குப்பேட்டை கேட்:

அண்ணே, எங்க ஏரியா ரயில்வே கேட்டைக் கொண்டுபோய் பெனால்ட்டி பாக்ஸ் முன்னால் நட்டுவிடலாம். ஒருத்தனும் தாண்ட மாட்டான். ஆம்புலன்ஸே தாண்டாது.

புளியந்தோப்பு ஸ்டாப்பர்:

தம்பி கேலரி, கணக்கு நல்ல கணக்கு. தீர்ப்புதான் தப்பு.

அந்த 8ஐப் பிரித்துப் பார். 2020 செமி முதல் லெக் இங்கே நேரு ஸ்டேடியத்தில், பிப்ரவரி 29. கோவாவை 4-1 என்று அடித்தோம். அந்த ஒரு கோல் 4-0 ஆன பிறகு வாங்கியது, விட்டுவிடலாம். அடுத்த சனிக்கிழமை கோவாவில் 4 வாங்கினோம். ஃபைனலில் கொல்கத்தா டீம் ஏடிகேயிடம் 3. அந்த மூன்றில் கடைசி கோல் 90 நிமிடம் தாண்டி, நாம் சமன் செய்ய எல்லாரும் மேலே ஏறி நின்றபோது வந்தது. அந்த நேரத்தில் பின்னால் ஆளே இல்லை, ஸ்டாப்பரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வீட்டைத் திறந்து போட்டுவிட்டு மார்க்கெட் போனவன் திருடனைத் திட்டுவது போல இருக்கிறது.

இன்னொன்று. அந்த வருடம் கோவா லீக்கில் அடித்த கோல் 46. டேபிளில் முதல் இடம். இந்தியாவிலிருந்து ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் குரூப் ஸ்டேஜுக்குப் போன முதல் கிளப். அவர்கள் சொந்த ஊரில், மூன்று கோல் பின்னால் இருக்கிறோம் என்று வெறியோடு இறங்கினார்கள். எந்த டிஃபன்ஸாக இருந்தாலும் அன்றைக்கு வாங்கித்தான் இருக்கும்.

நான் பன்னிரண்டு வருடம் ஸ்டாப்பர் ஆடியவன். ஃபார்வர்டு பத்து வாய்ப்பை விட்டு ஒன்றைப் போட்டால் தோளில் தூக்குவீர்கள். ஸ்டாப்பர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அவன் அம்மாவிடம் வரை போவீர்கள்.

காசிமேடு கேலரி:

ஸ்டாப்பர் அண்ணா, உங்கள் பெயரிலேயே ஸ்டாப்பர் இருக்கிறது. நீங்கள் வேறு என்ன சொல்வீர்கள்?

கோவா லெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் மூன்று கோல் முன்னிலை. 10ஆவது நிமிடத்தில் நம் கேப்டன் கோயான் சொந்த கோல். 21ஆவது நிமிடத்தில் ஃபால். 4-1 என்று போன ஆட்கள் அரை மணி நேரத்துக்குள் 4-3 ஆகிவிட்டார்கள். இதற்கும் ஃபார்வர்டுதான் காரணமா?

பெரம்பூர் லோகோ:

இரண்டு பேருமே பாதி பாதி பேசுகிறீர்கள். அந்த ஆட்டம் அப்புறம் எப்படிப் போனது என்று முழுதாகச் சொல்லுங்கள். 52ஆவது நிமிடத்தில் சாங்டே, 59இல் வால்ஸ்கிஸ். 2-2. மொத்தத்தில் 6-3. அந்த இடத்தில் கோவாவுக்கு மொத்தத்தைச் சமன் செய்யவே இன்னும் மூன்று கோல் தேவை. 81இல் பெடியா போட்டார், 83இல் ஃபால் மறுபடி போட்டார். 6-5. மூன்று நிமிடத்துக்குள் இரண்டு. அதற்குப் பிறகு ஆறாவது கோல் விழவில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு டிவி பார்த்தார்கள். நான் பிபி மாத்திரையை அன்றைக்குச் சீக்கிரமே போட்டுவிட்டேன்.

ஆனால் என் கணக்கு வேறு. அந்த இரண்டு லெக்கிலும் சேர்த்து 11 கோல். அதில் ஸ்டாப்பர்கள் போட்டது 5. முதல் லெக்கில் நம் கோயான் ஒன்று, எலி சாபியா ஒன்று. இரண்டாவது லெக்கில் கோயான் சொந்த கோல் ஒன்று, அவர்கள் ஸ்டாப்பர் ஃபால் இரண்டு. ஆகவே "ஸ்டாப்பர் என்ன செய்தான்" என்று கேட்டால், இந்தக் கதையில் பாதி ஸ்டாப்பர்தான். நல்லதும் அவன்தான், கெட்டதும் அவன்தான்.

புளியந்தோப்பு ஸ்டாப்பர்:

லோகோ சார், நீங்கள் எனக்கு பாயிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

2018 ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், மார்ச் 17. லீக்கில் நம்மைவிட 8 பாயிண்ட் மேலே முடித்த டீம், அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். 9ஆவது நிமிடத்திலேயே சேத்ரி போட்டுவிட்டார். நம் தெருவில் ஸ்கிரீன் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த பசங்க எழுந்து போகப் பார்த்தார்கள். 17ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர். மைல்சன் ஆல்வெஸ் ஹெட்டர். பாதி நேரம் முடிகிற சமயம் இன்னொரு கார்னர். அதே மைல்சன், அதே ஹெட்டர். அப்புறம் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது போட, 3-2 என்று கப் நமக்கு. மைல்சன் யார்? ஸ்டாப்பர். அன்றைக்கு யாராவது "ஸ்டாப்பர் சரியில்லை" என்றீர்களா?

2014 செமியில் இங்கே கேரளாவுக்கு எதிராக முதல் கோல் போட்டது சில்வெஸ்தர், அவரும் டிஃபண்டர். 2024இல் கோவாவில் 2-1 என்று தோற்றோமே, அந்த ஒரே ஒரு கோல் யார் போட்டது? சிர்கோவிச். ஸ்டாப்பர். முதல் பாதியிலேயே 2-1. இரண்டாவது பாதி முழுக்க கோவா ஒன்றும் போடவில்லை, நாமும் போடவில்லை. 45 நிமிடம் டிஃபன்ஸ் கதவைச் சாத்தி வைத்துக் காத்திருக்கிறது, முன்னால் இருக்கிறவர்கள் ஒரு கோல் கொண்டுவரவில்லை. திட்டு மட்டும் பின்னால் இருக்கிறவனுக்கு.

காசிமேடு கேலரி:

ஸ்டாப்பர் கோல் போடுவது தீபாவளி போனஸ். சம்பளம் கொடுப்பது கோல் விடாமல் இருப்பதற்கு. போனஸ் வாங்கிவிட்டேன், இனி வேலைக்கு வர மாட்டேன் என்றால் ஒத்துக்கொள்வார்களா?

ஐசிஎஃப் மஞ்சள்:

2014 என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வணக்கம். 😄

கொருக்குப்பேட்டை கேட்:

வந்துட்டாரு. யாரும் கூப்பிடலையே சேட்டா.

ஐசிஎஃப் மஞ்சள்:

நான் பிறந்து வளர்ந்தது ஐசிஎஃப் குவார்ட்டர்ஸ். அப்பா பாலக்காடு. கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன் என்பதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை.

உங்கள் டிஃபன்ஸ் வியாதிக்குப் பிறந்தநாள் டிசம்பர் 2014. லீக்கில் 23 பாயிண்டோடு முதல் இடம் நீங்கள். நாங்கள் 19 பாயிண்டோடு நாலாவது. மேட்டராசி, நெஸ்டா, சில்வெஸ்தர் என்று உலகக் கோப்பை அணிகளில் இருந்த டிஃபண்டர்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தீர்கள். கொச்சியில் மூன்று வாங்கினீர்கள். பெயர் பலகை பெரிசு, கடையில் சரக்கு இல்லை.

பெரம்பூர் லோகோ:

தம்பி, அந்த இரண்டாவது லெக்குக்கு நான் நேரில் போயிருந்தேன். டிசம்பர் 16. பெரம்பூரிலிருந்து நாலு பேர், இரண்டு பைக். கேலரியில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் வேர்க்கடலைப் பொட்டலம், மூன்று கோல் போட வேண்டிய ஆட்டத்துக்கு வந்த மாதிரியே இல்லை, அவ்வளவு நிதானம். 42இல் சில்வெஸ்தர் போட்டார், பெரியவர் ஒரு கடலை உரித்தார். 76இல் ஜிங்கன் சொந்த கோல், இன்னொரு கடலை. 90ஆவது நிமிடத்தில் ஜேஜே போட்டார் பாருங்கள், 3-0, மொத்தத்தில் 3-3, பொட்டலம் எங்கே போனது என்றே தெரியவில்லை, என் சட்டைப் பைக்குள் எல்லாம் தோல். எக்ஸ்ட்ரா டைம். பெனால்ட்டிக்குப் போகிறது என்று எல்லாரும் மனதைத் தயார் செய்துகொண்ட நேரம். 117ஆவது நிமிடம். கேரளாவின் பியர்சன்.

அந்தச் சத்தம் இல்லாத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரியமேடு பக்கம் வெளியே வந்து பைக்கை உதைக்கவே தோன்றவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பியர்சன் மிட்ஃபீல்டர். எதிர் டீம் மிட்ஃபீல்டர் நம் பாக்ஸுக்குள் வருகிறான் என்றால் அவன் கூடவே ஓடி வர வேண்டியது நம் மிட்ஃபீல்டர். ஸ்டாப்பர் அவர்கள் ஃபார்வர்டைப் பிடித்துக்கொண்டிருப்பான், ஒரே ஆள் இரண்டு பேரைப் பிடிக்க முடியாது. 117 நிமிடம் ஓடிய கால், திரும்பி ஓட மறுக்கிறது. அதனால் நான் சொல்வது, பழி ஸ்டாப்பருக்கும் இல்லை ஃபார்வர்டுக்கும் இல்லை, நடுவில் இருப்பவர்களுக்கு. 2018இல் நாம் ஏன் மூன்று கோல் மட்டும் வாங்கினோம்? அந்த சீசன் நடுவில் தனபால் கணேஷ், பிக்ரம்ஜித் மாதிரி ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கிற ஆட்கள் இருந்தார்கள். கணேஷ் நம் சென்னைப் பையன். செமியில் கோவாவை இங்கே 3-0 அடித்தபோது ஒரு கோலும் போட்டார்.

அப்புறம் மஞ்சள் தம்பி, 2014 ஃபைனல் எப்படி முடிந்தது என்று நான் ஞாபகப்படுத்தட்டுமா? நீங்களே சொல்கிறீர்களா?

ஐசிஎஃப் மஞ்சள்:

சார், பெரியவர் என்று மரியாதை வைத்திருக்கிறேன்.

காசிமேடு கேலரி:

நான் சொல்கிறேன். கடைசி நிமிடம், இஞ்சுரி டைம், கார்னர், ரஃபீக் ஹெட்டர், ஏடிகே 1-0. கார்னர்! எங்கே போனாலும் கார்னர்!

கொருக்குப்பேட்டை கேட்:

கேலரி அண்ணனுக்குக் கனவிலும் கார்னர்தான் வரும் போல. எழுந்ததும் வீட்டு மூலையைப் பார்த்துக் கும்பிடு போடுகிறாராம்.

முல்லை நகர் கோச்சக்கா:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான் டச்லைனில்தான் நின்றேன். கேலரி தம்பி சொன்ன அந்தப் பையன் அண்ணாந்து பார்த்தது உண்மை. ஏன் பார்த்தான் என்று யாராவது கேட்டீர்களா? அவன் சனிக்கிழமை ராத்திரி தூங்காமல் மீன் ஏலத்தில் கூடை தூக்கிவிட்டு வந்தவன். விடியற்காலை மூன்று மணிக்கு வேலை, ஏழு மணிக்கு ஆட்டம். லுங்கியை மாற்றி ஷார்ட்ஸ் போட்டபோது கையில் இன்னும் ஐஸ் குளிர் இருந்தது, என் கையைத் தொட்டுக் காட்டினான். பத்தொன்பது வயசு. இரண்டாவது பாதியில் தாண்டிக் குதிக்கக் காலில் ஒன்றும் மிச்சமில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆட்டம். கார்னரில் ஆளைப் பிடிப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை. உடம்பை முழுசாகப் பந்துப் பக்கம் திருப்பிவிட்டான். அப்படித் திருப்பினால் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஆள் காணாமல் போய்விடுவான். பாதி திரும்பி நிற்க வேண்டும், ஒரு கண் பந்து, ஒரு கண் ஆள், ஒரு கை லேசாக அவன் மேல் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கை பட்டால் அவன் நகரும்போது கண்ணால் பார்க்காமலே தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். இதை நான் என் பொண்ணுங்களுக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நம் ஏரியாவில் எல்லாப் பிள்ளையும் விங்கர்தான். நந்தகுமார் சேகர் வியாசர்பாடி மண்ணில் ஆடிப் போனவர், 2023 டூரண்ட் கப்பில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அந்த ஒரே கோலைப் போட்டார், அதை எல்லாரும் போனில் பார்த்தார்கள். அடுத்த நாள் என்னிடம் ஆறு பேர் வந்து "அக்கா, நான் லெஃப்டில் ஆடுறேன்" என்றார்கள். "அக்கா, நான் ஸ்டாப்பர் ஆடுறேன்" என்று இன்றுவரை ஒருத்தர்கூட வந்ததில்லை. யார் கொஞ்சம் உயரமோ, யார் கொஞ்சம் மெதுவோ, அவர்களைப் பிடித்துப் பின்னால் நிறுத்துகிறோம். அப்புறம் அவர்களையே திட்டுகிறோம்.

காசிமேடு கேலரி:

அக்கா, அவன் ஏலத்துக்குப் போய்விட்டு வந்தது எனக்குத் தெரியாது. அது என் தப்பு. எங்கள் வீட்டிலிருந்து ஏலம் போடுகிற இடம் நடக்கிற தூரம், அவனை அங்கே பார்த்திருக்கக்கூட வேண்டும்.

ஆனால் அதையே திருப்பிக் கேட்கிறேன். தூக்கமில்லாத பையனை முழு ஆட்டமும் நிறுத்தினது யார்? பெஞ்சில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்களே. இது ஸ்டாப்பர் தப்பு இல்லை என்றால் டீம் போட்டவர் தப்பு. சென்னையினும் அப்படித்தான். ஆளை எடுக்கிறவர், மாற்றுகிறவர் கோச்தானே?

புளியந்தோப்பு ஸ்டாப்பர்:

டீம் போட்டது நான். எனக்கு அவன் வேலை தெரியும், அன்றைக்குப் போனது தெரியாது. கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

ஆனால் சென்னையினில் கோச்சைச் சொல்வது எளிசு. 2019 டிசம்பரில் ஓவன் காயில் வந்தபோது டேபிளில் அடிப்பக்கம் கிடந்த டீம் அது. அங்கிருந்து நாலாவது இடம், ஃபைனல். எல்லாரையும் மேலே ஏற்றி, அடித்து ஆடித்தான் அந்த மலையை ஏறினார். அதே ஆட்டத்தைப் ப்ளேஆஃபில் ஆடினால் பின்னால் ஓட்டை விழும், தெரிந்த விஷயம். கட்டிக்கொண்டு ஆடியிருந்தால் செமிக்கே வந்திருக்க மாட்டோம். எந்தக் கையால் சோறு சாப்பிட்டோமோ அந்தக் கையை வெட்டச் சொல்கிறாய்.

பெரம்பூர் லோகோ:

இது சரியான வாதம். மறுக்க முடியவில்லை. ஆனாலும் முன்னிலை எடுத்த பிறகு ஆட்டத்தை ஆற வைக்கத் தெரிய வேண்டும். ஏடிகேவுக்கு எதிராக ஃபைனலில் முன்னிலையே எடுக்கவில்லை, அதை விடுங்கள். கோவாவில் 6-3 என்று இருந்தபோது பந்தைக் காலில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்திருக்கலாமே.

கொருக்குப்பேட்டை கேட்:

தாத்தா, பக்கவாட்டில் தட்டினால் கேலரியில் நீங்கதான் முதலில் "முன்னால போடா" என்று கத்துவீங்க. போன மாசம் கத்தினீங்க.

பெரம்பூர் லோகோ:

கேட் தம்பி வாயைத் திறந்துவிட்டதால் நானும் ஒரு விஷயத்தைத் திறக்கிறேன்.

என் பேரன் நம் பசங்களின் ஞாயிற்றுக்கிழமை செமியைப் போனில் எடுத்திருக்கிறான். நேற்று ராத்திரி மெதுவாக ஓடவிட்டு நாலு தரம் பார்த்தேன். முதல் கார்னர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2-1, ஆறு நிமிடம் பாக்கி. பந்து நம் பாதியில், டச்லைன் ஓரம், நம் 11ஆம் நம்பரின் காலில். எதிரே ஒரே ஒருத்தன். தூக்கி வெளியே அடித்துவிட்டால் த்ரோவோடு போகும், எல்லாரும் மூச்சு வாங்கலாம். 11ஆம் நம்பர் என்ன செய்தான்? எதிராளியின் இரண்டு காலுக்கு நடுவில் பந்தைத் தட்டிவிட்டுச் சுற்றி ஓடப் பார்த்தான். பந்து எதிராளியின் முட்டியில் பட்டு அவனிடமே போய்விட்டது. அவன் கிராஸ் போட, அந்தத் தூக்கமில்லாத பையன் விழுந்து காலை நீட்டிக் கார்னருக்குத் தள்ளினான். அதாவது அந்த இடத்தில் அவன் ஒரு கோலைத் தடுத்திருக்கிறான். கார்னர் அங்கிருந்து பிறந்தது.

11ஆம் நம்பர் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

கொருக்குப்பேட்டை கேட்:

அது நான்தான் என்று உங்களுக்கு நல்லாத் தெரியும் தாத்தா. தெரிந்துதான் எழுதுறீங்க.

சரி. ஒத்துக்கொள்கிறேன். அவன் கால் அகலமா விரித்து நின்றான், விட மனசு வரலை.

காசிமேடு கேலரி:

டேய். மூன்று நாளாக ரயில்வே கேட் ஜோக் அடித்துக்கொண்டு இருந்தது நீயா?

முல்லை நகர் கோச்சக்கா:

விடு தம்பி. இரண்டாவது கார்னரையும் நான் சொல்லிவிடுகிறேன். முன் போஸ்ட்டில் நிற்க வேண்டியவர் கார்னர் அடிக்கும் முன்பே இரண்டு அடி வெளியே வந்துவிட்டார், கவுண்டர் அட்டாக் ஓடலாம் என்ற ஆசையில். பந்து அந்த இடைவெளியில் நுழைந்தது. முன் போஸ்ட் ஆள் பந்து தலைக்கு மேலே தாண்டிப் போகும்வரை கம்பை விட்டு நகரக் கூடாது. அவர் பெயரையும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கடைசியாக ஆடியது நாலு வருடத்துக்கு முன்பு, ஆள் குறைந்ததால் இறங்கினார், இந்த விவாதத்தை ஆரம்பித்தவர்.

ஐசிஎஃப் மஞ்சள்:

😂😂😂 ஐயோ. மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து நானே ஆறுதல் சொல்கிறேன் கேலரி.

காசிமேடு கேலரி:

அக்கா, நான் இரண்டு அடி வரவில்லை. ஒரு அடி. வீடியோ பார்த்துச் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:

பார்த்தேன். இரண்டரை.

புளியந்தோப்பு ஸ்டாப்பர்:

கேலரி, "ஸ்டாப்பரும் கீப்பரும்" என்று முதல் பதிவில் எழுதினாயே, "முன் போஸ்ட்டும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடு, உன் கணக்கு முழுசாகிவிடும்.

கோபப்படாதே. எனக்கும் இருக்கிறது கதை. நான் ஆடிய கடைசி வருடம், ஒரு செமி, ஃப்ரீ கிக். சுவருக்கு ஆள் எண்ணிக்கொண்டிருந்தேன், கீப்பர் நாலு என்கிறான், நான் மூன்று போதும் என்கிறேன். ரெஃப்ரி விசில் அடித்துவிட்டார். பந்து நாலாவது ஆள் நின்றிருக்க வேண்டிய இடத்து வழியாகவே உள்ளே போனது. கீப்பர் இன்றும் என் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தால் நாலு விரலைக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிரவுண்டுக்கு வாருங்கள். கார்னர் மட்டும் ஐம்பது அடிப்போம். அந்தப் பையனுக்கு அன்றைக்கு ஏலம் இல்லை, கேட்டுவிட்டேன். அக்கா, நீங்கள் அந்தக் கை வைக்கிற விஷயத்தை எங்களுக்கும் காட்டுங்கள்.

முல்லை நகர் கோச்சக்கா:

வருகிறேன். என் பொண்ணுங்க நாலு பேரையும் கூட்டிவருகிறேன், கார்னர் அவர்கள் அடிக்கட்டும். உங்கள் பசங்க அடிக்கிற கார்னர் முதல் ஆளையே தாண்டுவதில்லை.

கொருக்குப்பேட்டை கேட்:

பந்து யார் கொண்டுவருவது? நம்ம பந்து போன வாரம் கேப்டன் காட்டன் கால்வாயில் விழுந்தது. எடுத்தோம். ஆனால் அதில் யார் ஹெட் போடுவது?

காசிமேடு கேலரி:

பந்து நான் புதுசு வாங்கி வருகிறேன். முன் போஸ்ட்டிலும் நானே நிற்கிறேன், காலைக் கயிறு போட்டுக் கட்டினாலும் சரி.

ஆனால் 2020க்கு நான் சொன்னது சொன்னதுதான். எட்டு கோல் எட்டு கோல்தான்.

பெரம்பூர் லோகோ:

ஏழு. 4-0க்குப் பிறகு வாங்கியதை விட்டுவிடலாம் என்று ஸ்டாப்பர் சொன்னாரே.

காசிமேடு கேலரி:

எட்டு.